மங்குக்கு க்ரீம் வாங்கும் முன் பின்பக்கத்தைப் படியுங்கள்

முகத்தில் மங்கு விழுந்திருக்கிறது என்று வருபவர்களிடம், இதுவரை போட்ட க்ரீம்களை எல்லாம் எடுத்துவரச் சொல்வது தோல் மருத்துவராக என் வழக்கம். பெரும்பாலும் மூன்று நான்கு டியூப்கள் மேஜைக்கு வந்துவிடும். அழகு நிலையத்தில் கொடுத்தது ஒன்று, மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது ஒன்று, "எனக்கு நல்லா கேட்டுச்சு" என்று நாத்தனார் கொடுத்தது ஒன்று, இன்ஸ்டாகிராம் பார்த்து வரவழைத்த சீரம் ஒன்று. விலை நூற்றுச் சொச்சத்தில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டிப் போகும். முன்பக்கத்தில் எல்லாமே பொலிவைத்தான் பேசும். திருப்பிப் பார்த்தால் ஒன்றில் இருப்பது வைட்டமின், ஒன்றில் அமிலம், ஒன்றில் ஸ்டீராய்டு. ஒன்றில் எதுவுமே எழுதியிருக்காது.

எது தோலில் எந்த இடத்தில் கை வைக்கிறது என்று தெரிந்துவிட்டால், எதற்குக் காசு கொடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பது ஓரளவு பிடிபடும்.

தோலின் மேலடுக்கினுடைய அடிவரிசையில் மெலனோசைட் என்ற செல்கள் அங்கங்கே உட்கார்ந்திருக்கின்றன. டைரோசினேஸ் என்ற நொதியை வைத்து அவை மெலனின் நிறமியைத் தயாரிக்கின்றன. அந்த நொதிக்குத் தாமிரம் தேவை. தயாரான நிறமி சின்னச் சின்னப் பொட்டலங்களாக அக்கம்பக்கத்துச் செல்களுக்குப் போய், அங்கே உட்கருவுக்கு மேல் குடை பிடித்த மாதிரி நிற்கிறது. புற ஊதாக் கதிர் மரபணுவைத் தாக்காமல் இருக்க உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு அது. நிறமியைச் சுமந்த செல்கள் மெல்ல மேலே ஏறி, ஏறத்தாழ ஒரு மாதத்தில் உதிர்ந்துவிடும். மங்கு உள்ளவர்களுக்குக் கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டின் மேலும் இந்தத் தயாரிப்பு அளவுக்கு மீறி நடக்கிறது. வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, குடும்பவாகு எல்லாம் அதற்குக் காரணமாகலாம்.

அந்த ஒரு மாதக் கணக்கை மனதில் வையுங்கள். ஏற்கனவே மேலேறிவிட்ட நிறமி உதிரவே நாலைந்து வாரம் ஆகும் என்றால், நேர்மையான க்ரீம் ஒன்று பலன் காட்ட இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். ஒரே வாரத்தில் முகம் வெளுத்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

மெதுவாக வேலை செய்பவை

நயாசினமைடில் தொடங்கலாம். வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம். நிறமித் தயாரிப்பை இது நிறுத்துவதில்லை. தயாரான பொட்டலங்கள் பக்கத்துச் செல்லுக்குக் கைமாறுவதைக் குறைக்கிறது. கூடவே தோலின் பாதுகாப்பு அடுக்கையும் பலப்படுத்துகிறது. இன்று சீரம் பாட்டிலில் புதுக் கண்டுபிடிப்பு போல விற்கும் இந்தப் பொருள்தான் 1975-இல் ஃபேர் அண்ட் லவ்லியாக வந்த க்ரீமின் அடிப்படையும். 2020-இல் அதன் பெயர் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. ஆய்வுகளில் பலன் தெரிந்தது 2 முதல் 5 சதவீத அளவில். கடைகளில் 10 சதவீதம் என்று பெரிய எழுத்தில் போட்டு விற்கிறார்கள். இரண்டு மடங்கு சத்துக்கு இரண்டு மடங்கு பலன் கிடைக்காது. சிலருக்கு முகம் சிவந்து எரிச்சல்தான் கூடும். 5 சதவீதம் போதும் என்பது என் கட்சி.

அடுத்தது வைட்டமின் சி. நொதியின் வேலையைத் தடுப்பதோடு, வெயிலால் உருவாகும் தீங்கான மூலக்கூறுகளையும் ஓரளவு அடக்கும். நல்ல பொருள், ஆனால் குணம் கெட்டது. எல்-அஸ்கார்பிக் அமிலம் என்ற அசல் வடிவம் தோலுக்குள் இறங்க அமிலத்தன்மை பிஎச் 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும், அளவு 10 முதல் 20 சதவீதம் வேண்டும். காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டுப் பழுப்பாகிவிடும். நம் ஊர் வெக்கையில் டிரெஸ்ஸிங் டேபிள் மேல் திறந்து மூடித் திறந்து மூடி வைத்த பாட்டில், டீ டிகாஷன் நிறத்துக்கு வந்த பிறகும் "விலை கொடுத்து வாங்கினேனே" என்று சிலர் தடவிக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கொட்டிவிடலாம்.

எனக்குப் பிடித்தது அசெலாயிக் அமிலம். விளம்பரத்தில் அதிகம் வராது. இதன் பின்கதை சுவாரசியமானது. தேமலை உண்டாக்கும் ஈஸ்ட் இந்த அமிலத்தைத் தயாரிக்கிறது. தேமல் வந்த இடம் வெளுத்துப்போவதற்குக் காரணம் தேடிய ஆய்வாளர்கள் இந்த அமிலத்தின் பக்கம் வந்து, கடைசியில் அதையே மருந்தாக்கினார்கள். அளவுக்கு மீறித் துடிப்பாக இருக்கும் மெலனோசைட்டுகளைத்தான் இது அதிகம் அடக்குகிறது. சாதாரணத் தோலின் நிறத்தைப் பெரிதாக மாற்றாது. மங்குக்கு அதுதானே வேண்டும்? பருவையும் குறைக்கும், பரு விட்டுப்போன கருந்தழும்பையும் மங்க வைக்கும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் தயக்கமில்லாமல் எழுதித்தரக்கூடிய சில பூச்சுகளில் ஒன்று. முதல் சில நாள் குறுகுறுவென்று அரிக்கும், அது பெரும்பாலும் தானாக அடங்கிவிடும்.

கோஜிக் அமிலம் ஜப்பான்காரர்கள் அரிசியைப் புளிக்கவைக்கப் பயன்படுத்தும் பூஞ்சையிலிருந்து வந்தது. நொதிக்குத் தேவையான தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும். வேலை செய்யும், ஆனால் ஒவ்வாமை தரக்கூடியது. சோப்பில் கலந்து விற்பதில் அர்த்தமில்லை, அரை நிமிடத்தில் கழுவிவிடுகிறீர்கள். அதே நொதியைத் தடுக்கும் ஆர்புட்டின் மென்மையானது, பலனும் மென்மைதான்.

ரெட்டினால் வேறு வழியில் போகிறது. செல்கள் மேலேறி உதிரும் வேகத்தைக் கூட்டும். தோலுக்குள் போய் இரண்டு படி மாறி ரெட்டினோயிக் அமிலம் ஆன பிறகே அதற்கு வேலை. மருந்தாகக் கிடைக்கும் ட்ரெட்டினாயின் நேராக அந்த அமிலமே, அதனால் வீரியமும் எரிச்சலும் அதிகம். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் இந்தக் குடும்பத்தையே தள்ளி வைக்க வேண்டும். கிளைகாலிக் அமிலம் மேலே செத்துக் கிடக்கும் செல்களின் பிடியைத் தளர்த்தி உதிர்க்கும். தோலை வெயிலுக்கு இன்னும் பலவீனமாகவும் ஆக்கும். சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரைவதால் துளைகளுக்குள் இறங்கும். பருவுக்கு நல்லது, மங்குக்கு அதிகம் உதவாது.

இந்த அமிலங்களை ஒரே இரவில் அடுக்கடுக்காகப் போடுகிறவர்கள் இப்போது அதிகம். வெளிநாட்டு வீடியோக்களில் பத்துப் படி காட்டுகிறார்கள். வெள்ளைத் தோலில் எரிச்சல் வந்தால் சிவந்துவிட்டு மறையும். நம் தோலில் எரிச்சல் அடங்கும்போது கருமையை விட்டுவிட்டுப் போகும். மங்கைப் போக்கப் போட்ட சீரமே புது மங்கை உண்டாக்குவது இப்படித்தான். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்து வெயிலில் போனவர்களுக்கும் இதே கதி: அமிலமும் முகத்தைக் காயப்படுத்தும், எலுமிச்சைத் தோலில் உள்ள பொருள்கள் வெயிலோடு சேர்ந்து கொப்புளமே வரவைக்கலாம். இயற்கையானது என்பதால் தோல் சலுகை காட்டாது.

வேகமாக வேலை செய்பவை

மருந்துக் கடையில் "மங்குக்கு ஒரு க்ரீம் கொடுங்க" என்றால் வருவது பெரும்பாலும் மூன்று மருந்துக் கலவை: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு. இந்தக் கூட்டணியை 1975-இல் முன்வைத்தவர் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன். முதலாவது நிறமித் தயாரிப்பைத் தடுக்கிறது, இரண்டாவது உதிர்க்கிறது, மூன்றாவது எரிச்சலை அடக்குகிறது. கெட்டிக்காரத்தனமான யோசனை. நானும் எழுதித்தருகிறேன், சில வாரங்களுக்கு, கண்காணிப்போடு.

சிக்கல் எங்கே தொடங்குகிறது? ஆறு வாரத்துக்கு எழுதிய சீட்டு மூன்று வருஷம் ஓடும்போது. ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும். சிவப்பாக ரத்தக்குழாய்க் கோடுகள் தெரியும், பரு கொத்துக் கொத்தாக வரும், பெண்களுக்குக் கன்னத்தில் ரோமம் வளரும். நிறுத்திப் பார்த்தால் முகம் சிவந்து தகிக்கும். "போடுற வரைக்கும் நல்லாத்தான் டாக்டர் இருக்கு, நிறுத்தினா அடுப்புப் பக்கம்கூட நிக்க முடியல" என்பார்கள். எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே தடவுவார்கள். ஸ்டீராய்டால் சேதமடைந்த முகம் என்று இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், அவ்வளவு பேர் வருகிறார்கள். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஷெட்யூல் எச் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. சட்டம் இருக்கிறது, கடையில் கேட்டால் கிடைக்கவும் செய்கிறது.

ஹைட்ரோகுவினோனும் லேசுப்பட்டதல்ல. வருஷக்கணக்கில் போட்டால் நீலம் கலந்த கருமை படியலாம், ஆக்ரோனோசிஸ் என்போம். மங்கைவிட அதைக் குணப்படுத்துவது கடினம். ஐரோப்பாவில் முகப்பூச்சு க்ரீம்களில் இதற்குத் தடை. அமெரிக்காவில் 2020-லிருந்து சீட்டு இல்லாமல் விற்க முடியாது.

எதுவும் எழுதியிருக்காத அந்த டியூபுக்கு வருவோம். அதைப் பார்த்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பாதரசம். டைரோசினேஸ் நொதியில் தாமிரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிறமித் தயாரிப்பையே முடக்கிவிடும். முகம் சட்டென்று வெளுக்கும். பாதரசம் தோல் வழியே ரத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். 2023-இல் கேரளாவின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். கால் வீங்கி, சிறுநீரில் புரதம் போகும் நிலையில் வந்த பலர், பெயர் விவரம் சரியாக இல்லாத சிவப்பழகு க்ரீம் போட்டவர்களாக இருந்தார்கள். அதே வருஷம் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆபரேஷன் சௌந்தர்யா என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது. நம் நாட்டு விதிப்படி சாதாரண முகப்பூச்சில் தற்செயலாகக் கலந்திருக்கும் பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தடவியவரோடு இது நிற்பதில்லை. துண்டு, தலையணை வழியாக வீட்டுக் குழந்தைக்கும் போகும். கேலமெல், மெர்க்குரிக் என்ற சொற்களைப் பார்த்தாலோ, தங்கம், வெள்ளி நகைமேல் படக் கூடாது என்று எச்சரிக்கை இருந்தாலோ அந்த க்ரீம் வேண்டவே வேண்டாம். தயாரிப்பாளர் முகவரியே இல்லை என்றாலும் அதே பதில்தான்.

பின்பக்கத்தைப் படிக்கும் விதம்

முதலில் அது மருந்தா, அழகுப் பொருளா என்று பாருங்கள். 'காம்போசிஷன்' என்று எழுதி ஒவ்வொன்றுக்கும் சதவீதம் போட்டிருந்தால், இடது ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால், அது மருந்து. சீட்டில்லாமல் வாங்காதீர்கள். பெயர் சோன், சோலோன், நைடு என்று முடிந்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டு: மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், ஃப்ளூசினோலோன் அசிட்டோனைடு. க்ளோபெட்டசாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இருப்பதிலேயே வீரியமானவற்றில் ஒன்று அது.

'இன்கிரீடியன்ட்ஸ்' என்று நீளப் பட்டியல் இருந்தால் அழகுப் பொருள். 2020-ஆம் வருஷத்து அழகுப் பொருள் விதிகளின்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவை அளவு இறங்குவரிசையில் வர வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் குறைந்தவையும் எந்த வரிசையிலும் வரலாம். இதில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. ஃபீனாக்சிஎத்தனால் என்ற பதப்படுத்தும் பொருள் பல க்ரீம்களில் இருக்கும், அதை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. அதற்குப் பின்னால் வரும் பெயர்கள் எல்லாம் ஒரு சதவீதத்தைத் தாண்டாதவை. குங்குமப்பூ, முத்து, தங்கத்துகள் போன்றவை எங்கே இருக்கின்றன என்று தேடிப்பாருங்கள். வாசனைத் திரவியத்துக்கும் பின்னால், கடைசி வரிசையில் ஒண்டிக்கொண்டிருக்கும்.

ஈரப்பதம் தரும் பொருள்களில் விலை அதிகம் பேசக் கூடாது. ஹயலூரானிக் அமிலம் நீரைப் பிடித்து வைக்கும், கிளிசரினும் அதையே பல மடங்கு மலிவாகச் செய்யும். செராமைடு தோலின் சொந்தக் கொழுப்பு, வறண்ட தோலுக்கு நல்லது. வாசலின் ஈரம் வெளியேறாமல் மூடிவைக்கும், முகத்தில் எண்ணெய் வழிபவர்களுக்கு ஒத்துவராது.

மேலே சொன்ன எதைப் போட்டாலும் சன்ஸ்கிரீன் இல்லையென்றால் பணம் வீண். எஸ்பிஎஃப் என்பது முகத்தைச் சுட்டுச் சிவக்க வைக்கும் யுவிபி கதிருக்கான கணக்கு. புற ஊதாக் கதிரின் இன்னொரு வகையான யுவிஏ-வுக்கு ஜப்பான்காரர்களின் பிஏ குறியீட்டைப் பார்க்கலாம், கூட்டல் குறி கூடக்கூட நல்லது. மங்குக்கு இன்னொரு தொல்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே நம் தோலைக் கறுக்க வைக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பது குறைவு; அயர்ன் ஆக்சைடு சேர்த்த, லேசாகத் தோல் நிறத்தில் இருக்கும் வகைதான் தடுக்கும். துத்தநாக ஆக்சைடு தடவினால் சுண்ணாம்பு பூசிய மாதிரி இருக்கிறது என்று அலுத்துக்கொள்பவர்களுக்கும் இதுவே வசதி. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். பட்டாணி அளவு தடவினால் டப்பாவில் எழுதியிருக்கும் எஸ்பிஎஃப் கிடைக்காது.

ஏற்கனவே மூன்று மருந்துக் கலவையைப் பல மாதமாகப் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலேயே தூக்கி எறிய வேண்டாம். சட்டென்று நிறுத்தினால் அந்தத் தகிப்பு வரும். வீரியத்தைப் படிப்படியாகக் குறைத்துத்தான் வெளியே வர வேண்டும், அதைத் தோல் மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் செய்யுங்கள். முகம் பழைய நிலைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம்.

அப்புறம், முகத்தில் கருமை என்றாலே மங்கு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நெற்றியோரமும் காதோரமும் கறுத்தால் தலைக்குப் போடும் டையில் உள்ள பிபிடி என்ற சாயப் பொருள் காரணமாக இருக்கலாம். நெற்றி நடுவில் மட்டும் என்றால் குங்குமத்தில் சேர்க்கும் சாயமோ ஸ்டிக்கர் பொட்டின் பசையோ இருக்கலாம். கழுத்திலும் அக்குளிலும் தடித்துக் கறுத்தால் சர்க்கரை பார்க்க வேண்டும். டையால் கறுத்த முகத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் சீரம் தடவினாலும் கருமை போகாது. முதுகில் ஒவ்வாமையைக் கண்டறியும் பேட்ச் டெஸ்ட் ஒட்டி, இரண்டாம் நாளும் நான்காம் நாளும் பார்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடித்து அதை நிறுத்துவதுதான் அவர்களுக்கு வைத்தியம்.