மேட்டில் ஆண்டெனா, சரிவில் சென்சார்

நீலகிரியில் அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் டவர் எட்டாத சரிவுகளில் மழைமானியும் மண் ஈரமானியும் வைப்பவர்கள் எந்தச் செயற்கைக்கோள் மோடம் நல்லது என்று கேட்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது, அந்த இடத்தில் வானம் எவ்வளவு தெரிகிறது என்பதை.

550 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் நேர் மேலே கடந்தாலும் அடிவானம் முதல் அடிவானம் வரை 12 நிமிடம்தான். சுற்றிலும் 30 டிகிரி வரை முகடு மறைக்கும் பள்ளத்தில் அது 4 நிமிடம்கூட இல்லை. சாய்வாகக் கடப்பவை கண்ணிலேயே படாது. துருவங்கள் வழியாகச் சுற்றும் செயற்கைக்கோள் தொகுப்புகள் அங்கே நெருங்கியும் 11 டிகிரி அட்சரேகையில் உள்ள நம் மேல் விலகியும் போகின்றன. தொகுப்பு சிறியது என்றால் அடுத்த செயற்கைக்கோள் வர மணிக்கணக்காகலாம். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் 40 உயிர்களுக்கு மேல் இழந்த மாவட்டம் இது. அபாயச் சங்கை இந்த இணைப்பை நம்பி விடவே கூடாது. சங்கு அங்கேயே, ரேடியோ வழியாக ஒலிக்க வேண்டும்.

வானில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும் புவிநிலைச் செயற்கைக்கோளின் கதை வேறு. கிழக்கு 83 டிகிரியில் நிற்பது ஊட்டிக்குச் சுமார் 75 டிகிரி உயரத்தில் தெரியும். பள்ளத்துக்கு அதுவே தோது. ஆனால் 36,000 கி.மீ. தூரம் என்பதால் ஆண்டெனாவைச் சரியாகத் திருப்பி வைக்க வேண்டும்.

ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு மோடம் என்பது வீண்செலவு. சரிவில் உள்ளவற்றை 865–867 மெகாஹெர்ட்ஸ் லோரா ரேடியோவில் (குறைந்த மின்சாரத்தில் தூரம் எட்டுவது) மேட்டுக்கு இணைத்து, அங்கே ஒரே மோடம் வைத்தால் போதும்.

எல் பேண்ட் (1–2 கிகாஹெர்ட்ஸ்) செயற்கைக்கோள் சிக்னலை மழை அவ்வளவாகத் தடுக்காது. தடுப்பது நனைந்த இலைகளும் கனெக்டருக்குள் இறங்கும் நீரும். சில்வர் ஓக் மரத்தடியைத் தவிருங்கள். கனெக்டரில் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, பெட்டிக்குள் நுழையுமுன் கேபிளைக் கீழே தொங்கலாக வளைத்து விடுங்கள்.

பலர் தவறுவது பேட்டரியில். 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு செல் நாள்கணக்கில் சும்மா இருந்தால் உள்ளே மின்னோட்டத்தைத் தடுக்கும் ஒரு படலம் பிடிக்கும். மோடம் திடீரென 1 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்து மோடம் ரீசெட் ஆகும், மறுபடி முயலும், இப்படியே செல் தீரும். உறைபனி மாதங்களில் இன்னும் மோசம். செல்லுக்கு இணையாக, சட்டென மின்சாரம் தரும் சூப்பர் கெபாசிட்டர் போட்டால் இது நிற்கும்.

மணிக்கொரு செய்தி போதும்: நேரம் 4 பைட், பத்து நிமிட மழை அளவுகள் ஆறுக்கு 6, மூன்று ஆழங்களின் மண் ஈரம் 6, பேட்டரி 1, வரிசை எண் 1. மொத்தம் 18. எந்தச் செய்தி தொலைந்தது என்பதை வரிசை எண்தான் காட்டும்.

வெளிநாட்டு மோடத்தை ஆன்லைனில் வாங்கிப் பொருத்தாதீர்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறை உரிமம் பெற்ற சேவையா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அனுமதியில்லாத செயற்கைக்கோள் கருவியை வைத்திருப்பதே வழக்காகும்.