கசியும் மீன் தொட்டிக்கு வெளியே பூசி என்ன பயன்?

கசிகிற மூலையில் வெளிப்பக்கமாக எம்-சீல் அப்பிய தொட்டிகள் கடலூரில் பழுதுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. சிலவற்றில் அதன்மேல் சிலிக்கான், அதற்கும் மேல் டேப். தயவுசெய்து நிறுத்துங்கள். தண்ணீர் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. வெளியே பூசியதைக் கண்ணாடியிலிருந்து பிரித்தே தீரும். உள்ளே பூசினால் அதே அழுத்தம் பூச்சை மூலையோடு சேர்த்து அமுக்கும்.

உள்ளே பூசுகிறவர்களும் பழைய சிலிக்கான்மேலேயே புதியதை இழுத்துவிடுகிறார்கள். காய்ந்த சிலிக்கான்மேல் புதியது பிடிக்காது. பிடித்ததுபோல் தெரியும், நகத்தால் நெம்பினால் தோலாக உரிந்து வரும். கசிந்த இடத்தை மட்டும் சுரண்டி ஒட்டுப்போட்டாலும் பழையதும் புதியதும் சேருமிடத்தில் மறுபடி வழியும். கீழ்ச்சுற்று, நான்கு செங்குத்து மூலைகள் என உட்பூச்சு முழுவதையும் பிளேடால் எடுத்தாக வேண்டும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவிலுள்ள ஒட்டைத் தொடாதீர்கள், தொட்டியைத் தாங்குவதே அதுதான். அதற்குள் நீளமாகக் காற்றுக்குமிழி ஓடியிருந்தால் தொட்டியைப் பிரித்துத்தான் ஒட்ட வேண்டும்.

சுரண்டிய இடத்தை அசிட்டோன் நனைத்த துணியால் இருமுறை துடையுங்கள், பிறகு விரல் படக்கூடாது. மூலையிலிருந்து 8 மி.மீ. தள்ளி இருபுறமும் மாஸ்கிங் டேப். நிற்காமல் சிலிக்கானை இழுத்து, உடனே நீவி, தோல் கட்டுமுன் டேப்பை உரித்துவிடுங்கள். வினிகர் வாசம் அடிக்கிற சாதாரணக் கண்ணாடி சிலிக்கான் போதும். பாத்ரூமுக்கென்று விற்கும் பூஞ்சைத் தடுப்பு கலந்தது வேண்டவே வேண்டாம், மீன் செத்துவிடும். குறைந்தது 3 நாள், முடிந்தால் ஒரு வாரம் காயட்டும். பிறகு கால் கால் பங்காக நிரப்பி, நிறைந்த பின் 24 மணி நேரம் பாருங்கள்.

இரும்பு ஸ்டாண்டைப் பார்க்காமல் தொட்டியை மட்டும் ஒட்டுவது வீண் செலவு. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் தண்ணீரே 250 கிலோ. கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் 300 தாண்டும். ஒரு கால் சில மி.மீ. இறங்கினாலே கண்ணாடி முறுக்கிக்கொண்டு ஒட்டு திறக்கலாம். தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கத்து உப்புக்காற்றில் வெல்டிங் இணைப்பும், வீடு துடைக்கிற தண்ணீர் படும் கால் நுனியும்தான் முதலில் துருப்பிடிக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்தத் துண்டை வெட்டிப் புதிதாக வெல்டு வையுங்கள். துருமேல் பெயின்ட் அடிப்பது மூடிவைப்பதுதான். நடுவில் இரண்டு கால், பின்புறம் குறுக்குப் பட்டை, ஸ்டாண்டின் இரும்புக் குழாய் வாய்களுக்கு மூடி, ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கோட் கொடுத்து, மேலே 18 மி.மீ. பிளைவுட், 12 மி.மீ. தெர்மாகோல். அடிக்கண்ணாடி சட்டத்தில் உயர்ந்து நிற்கும் தொட்டிக்குத் தெர்மாகோல் கூடாது. ரசமட்டத்தை நீளம், அகலம் இரண்டிலும் வைத்துப் பாருங்கள். சரிவு இருந்தால் காலுக்கடியில்தான் தகடு கொடுக்க வேண்டும், கண்ணாடிக்கடியில் அல்ல.

தண்ணீரை இறக்குமுன் ஹீட்டர், மோட்டார் பிளக்கைப் பிடுங்குங்கள். கல்லோடு தொட்டியைத் தூக்காதீர்கள், அடிக்கண்ணாடி விரிசல் விட்டுவிடும். பில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாமல், மீன் இருக்கும் வாளியிலேயே பழைய தண்ணீரோடும் ஏர் பம்போடும் போட்டுவையுங்கள்.