1,024 பைட்டில் ஒரு வட்டின் தலையெழுத்து

லினக்ஸில் புது 1 டிபி வட்டை எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையில் ஃபார்மேட் செய்து, மவுண்ட் பண்ணி (இயங்குதளத்தோடு இணைத்து), இட அளவைக் காட்டும் 'டிஎஃப் -எச்' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். மொத்தம் 916ஜி, மீதி 870ஜி என்று காட்டும். ஒரு கோப்புகூட வைக்காத வட்டில் 46ஜி எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. ரூட் எனப்படும் நிர்வாகப் பயனருக்கென 5 சதவீதம் ஒதுங்கி நிற்கிறது.

வட்டு நிரம்பி மற்ற நிரல்களெல்லாம் முட்டி நின்றாலும் ரூட் உள்ளே நுழைந்து சுத்தம் செய்ய இடம் வேண்டும். லாக் எழுதவும் இடம் வேண்டும். அதோடு, விளிம்புவரை நிரம்பிய வட்டில் கோப்புகள் துண்டு துண்டாகச் சிதறும். காரணங்கள் சரிதான். ஆனால் எக்ஸ்ட்4இன் முன்னோடியான எக்ஸ்ட்2 வந்த 1993இல் வட்டுகள் சில நூறு எம்பிதான். 500 எம்பியில் 5 சதவீதம் என்றால் 25 எம்பி. படங்களை மட்டும் போட்டுவைக்கும் 8 டிபி வட்டில் அதே கணக்கு 400 ஜிபியை முடக்குகிறது.

சூடோ டியூன்2எஃப்எஸ் -எம் 1 /டெவ்/எஸ்டிபி1

இந்த டியூன்2எஃப்எஸ் கட்டளை, எஸ்டிபி1 என்ற பார்ட்டிஷனில் (வட்டின் ஒரு பகுதியில்) ஒதுக்கீட்டை 1 சதவீதமாகக் குறைக்கும். அன்மவுண்ட் தேவையில்லை, கண் இமைப்பதற்குள் முடியும். டேட்டா வட்டுக்கு 0 கூடக் கொடுக்கலாம். இயங்குதளம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இவ்வளவு வேகமாக முடிவதற்குக் காரணம், தரவு எதுவும் நகர்வதில்லை. பார்ட்டிஷனின் முதல் 1,024 பைட் பூட் நிரலுக்கு விடப்பட்ட இடம். அடுத்த 1,024 பைட்தான் சூப்பர்பிளாக். மொத்த பிளாக் (வட்டு இடத்தைப் பிரிக்கும் அலகு) எத்தனை, ஒதுக்கீடு எவ்வளவு, லேபிள் (பெயர்), யூயூஐடி (தனி அடையாள எண்), எத்தனை முறை மவுண்ட் ஆனது, என்னென்ன வசதிகள் உண்டு என்பதெல்லாம் அங்கே இருக்கின்றன. மேலே உள்ள கட்டளை அதில் ஒரே ஓர் எண்ணைத் திருத்தியது. சூப்பர்பிளாக்கின் 56ஆம் பைட்டில் இஎஃப்53 என்ற அடையாள எண் உண்டு. எஸ்டிபி1க்குப் பதில் முழு வட்டான எஸ்டிபியைக் கொடுத்துவிட்டால் அந்த எண் அங்கே இருக்காது. 'பேட் மேஜிக் நம்பர்' என்று கட்டளை நின்றுவிடும். எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற வேறு கோப்பு முறைமைகள் உள்ள பார்ட்டிஷன்களிலும் இதே பதில்தான்.

எதையும் மாற்றுமுன் டியூன்2எஃப்எஸ் கட்டளைக்குச் சின்ன எல் (-எல்) கொடுத்து இப்போதைய நிலையைப் பார்த்து, அதை வேறொரு வட்டில் சேமித்துக்கொள்ளுங்கள். சூப்பர்பிளாக்கே கெட்டாலும் நகல்கள் உண்டு: 4 கேபி பிளாக் என்றால் 32768, 98304, 163840 ஆகிய பிளாக்குகளில். கோப்பு முறைமையைச் சோதித்துச் சரிசெய்யும் கட்டளையை 'இ2எஃப்எஸ்சிகே -பி 32768' என்று சின்ன பி போட்டு ஓட்டி, நகலிலிருந்து மீட்கலாம்.

சின்ன எழுத்தா பெரிய எழுத்தா என்பதில் கவனம் வேண்டும். சின்ன ஐ, எத்தனை நாளுக்கொரு முறை சோதனை என்பதைக் குறிக்கும். பெரிய ஐ, ஐநோடின் (ஒவ்வொரு கோப்பின் விவரங்களையும் வைக்கும் பதிவின்) அளவையே மாற்றும். இப்படி இரண்டையும் பக்கத்தில் வைத்தது நல்ல யோசனை என்று சொல்ல முடியாது.

பெரிய எல் லேபிள் வைக்கும். லேபிளுக்கு இடம் 16 பைட். யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். புள்ளியும் கொம்பும் தனிக் கணக்கு. 'படம்' 12 பைட், அடங்கும். 'சேமிப்பு' 24 பைட், எச்சரித்துவிட்டு வெட்டும். 'சேமிப' வரை வந்து, அடுத்த குறியின் முதல் பைட் மட்டும் குப்பையாக ஒட்டிக்கொள்ளும்.

எண்ணை மட்டும் மாற்றாமல் அமைப்பைத் தொடும் மாற்றங்களுக்குத்தான் அன்மவுண்ட் அவசியம். டிடி என்ற நகல் கட்டளை மூலம் வட்டை அப்படியே நகலெடுத்தால் இரண்டுக்கும் ஒரே யூயூஐடி. எது மவுண்ட் ஆகும் என்று சொல்ல முடியாது. நகலுக்குப் பெரிய யூவுடன் 'ரேண்டம்' கொடுத்துப் புது எண் வாங்கலாம். ஆனால் மெட்டாடேட்டா செக்சம் (அமைப்புத் தகவல் கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) உள்ள பல எக்ஸ்ட்4 வட்டுகளில் செக்சம் கணக்கில் யூயூஐடியும் சேர்ந்திருப்பதால், வட்டு முழுக்க அவற்றைத் திருப்பி எழுத வேண்டிவரும். அதனால் முதலில் 'இ2எஃப்எஸ்சிகே -எஃப்' ஓட்டச் சொல்லும். பூட்டின்போது எதை மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய எண்ணை மாற்ற மறந்தால் அடுத்த பூட் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கக்கூடும்.

ஜர்னலை, அதாவது மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேட்டை, நீக்குவது இன்னும் ஆபத்து. மின்சாரம் போய் நின்ற வட்டில், எழுதி முடிக்காத மாற்றங்கள் ஜர்னலில் காத்திருக்கும். சூப்பர்பிளாக்கில் 'நீட்ஸ்_ரெகவரி' என்ற கொடி ஏறியிருக்கும். அந்த நிலையில் நீக்கச் சொன்னால் கட்டளை மறுக்கலாம். சின்ன எஃப்பை இரண்டு தடவை போட்டால் கேட்டுவிடும், காத்திருந்த மாற்றங்களையும் சேர்த்து அழித்துவிடும். ஒருமுறை மவுண்ட் செய்து, ஒழுங்காக அன்மவுண்ட் செய்தாலே கொடி இறங்கிவிடும், எஃப் தேவைப்படாது.

பிளாக் அளவு, ஐநோடுகளின் எண்ணிக்கை இரண்டும் டியூன்2எஃப்எஸ் கைக்கு எட்டாதவை. இயல்பாக 16 கேபிக்கு ஒரு ஐநோடு. லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் குவியும் மெயில் சர்வரில் இடம் பாதி இருக்கும்போதே ஐநோடு தீர்ந்து, 'இடமில்லை' என்ற பிழை வரும். 'டிஎஃப் -ஐ' அதைக் காட்டிக்கொடுக்கும். அப்போது எல்லாவற்றையும் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, எம்கேஎஃப்எஸ் கட்டளையில் 16384க்குப் பதில் 4096 கொடுத்துப் புதிதாக ஃபார்மேட் செய்வதுதான் வழி.