டாஸ்ல கிரெப் ஓடணும்னா என்னெல்லாம் மாத்தணும்

கிரெப் (grep), செட் (sed), ஆக் (awk) மூணும் டெக்ஸ்ட்ல தேட, மாத்த, பிரிச்செடுக்கன்னு யூனிக்ஸ்ங்கிற ஆபரேட்டிங் சிஸ்டம்ல பொறந்த டூல்ஸ். பழைய பிசில ஓடுன எம்எஸ்-டாஸுக்கு (சுருக்கமா டாஸ்) கொண்டு போறது ஈஸின்னு தான் பாக்குறவங்களுக்கு தோணும், ஏன்னா எல்லாம் சி மொழில எழுதினது, டாஸுக்கும் சி கம்பைலர் இருக்கு, கம்பைல் பண்ணா முடிஞ்சுது. நெசத்துல தேடுற அல்காரிதம்ல பெருசா கை வைக்க தேவையே இல்ல, அதை சுத்தி இருக்குற வேலை தான் உயிரை வாங்கும். யூனிக்ஸ்ல ஷெல்லும் (நாம அடிக்கிற கமாண்டை வாங்குற புரோகிராம்) கெர்னலும் (சிஸ்டத்தோட மையப் பகுதி) சத்தமில்லாம செஞ்சு குடுத்ததை எல்லாம் டாஸ்ல டூலே செஞ்சாகணும்.

முதல்ல வரி முடிவு. யூனிக்ஸ்ல வரி முடிஞ்சா ஒரே பைட், நம்பர் 10. டாஸ்ல 13, 10னு ரெண்டு. இப்ப ;$ னு தேடுறோம், அதாவது செமிகோலன்ல முடியுற வரி. யூனிக்ஸ்ல பண்ற மாதிரியே பைட்டை அப்படியே படிச்சா ஒரு வரி கூட சிக்காது, செமிகோலனுக்கும் வரி முடிவுக்கும் நடுவுல அந்த 13 உக்காந்திருக்கு, ஸ்கிரீன்ல பாத்தா தெரியவும் தெரியாது. சரி, டெக்ஸ்ட் மோட்ல திறந்தா சி லைப்ரரியே 13ஐ தூக்கிடும், ஆனா அங்க இன்னொரு வில்லங்கம், 26ங்கிற பைட் வந்தா ஃபைல் முடிஞ்சுதுன்னு எடுத்துக்கும். இது டாஸுக்கு முந்தின சிபி/எம்ங்கிற சிஸ்டம் காலத்து வழக்கம், அங்க ஃபைல் சைஸ் 128 பைட் ரெக்கார்ட் கணக்குல தான் இருக்கும், டெக்ஸ்ட் நெஜமா எங்க முடியுதுன்னு காட்ட ஒரு குறி வேணும். டாஸ்ல சைஸ் பைட் கணக்குல சரியா இருந்தும் அந்த பழக்கம் ஒட்டிக்கிச்சு. அதனால ஒரு புரோகிராம் ஃபைலுக்குள்ள ஏதாவது வார்த்தை தேடுனா, நடுவுல 26 வந்த இடத்துல கிரெப் நின்னுடும், எரர் கூட வராது. இந்த மாதிரி சத்தமில்லாத தப்பு தான் ரொம்ப மோசம், கிராஷ் ஆனா கூட உடனே தெரிஞ்சிடும்.

ஜிஎன்யூங்கிற சுதந்திர சாஃப்ட்வேர் திட்டத்தோட கிரெப்பை டாஸுக்கு மாத்துன வெர்ஷன்ல இதை அழகா சமாளிச்சாங்க. எல்லா ஃபைலையும் பைனரியா, அதாவது பைட்டை மாத்தாம தான் திறக்கும், ஆரம்பத்துல கொஞ்சத்தை படிச்சு பாத்து இது டாஸ் டெக்ஸ்டா இல்லையான்னு யூகிக்கும், டெக்ஸ்ட்னா 13ஐ அதுவே எடுத்துடும். ஆனா எடுத்துட்டா பைட் கணக்கு மாறிடும், பொருந்துன வரி எத்தனாவது பைட்ல இருக்குன்னு கேட்டா தூக்கிப் போட்டதையும் சேத்து கணக்கு வச்சுக்கிட்டு சொல்லணும். அதையும் பண்ணாங்க.

அடுத்து, பல ஃபைலை ஒண்ணா குறிக்க போடுற நட்சத்திரக் குறி (*). யூனிக்ஸ்ல ஷெல் தான் அதை ஃபைல் பேரா விரிச்சு குடுக்கும். டாஸோட கமாண்ட் இன்டர்பிரட்டர் அதை அப்படியே டூல் கையில குடுத்துடும், அது விரிச்சிருந்தாலும் பிரயோஜனம் இல்ல, ஆர்க்யூமெண்ட்டுக்கு ஒதுக்குனது மொத்தமே 128 பைட், அதுல நீளத்துக்கு ஒண்ணு, கடைசி எண்டருக்கு ஒண்ணு போயிடும். நூறு ஃபைல் பேர் அதுல எங்க போகும்? அதனால மெயின் ஃபங்ஷன் தொடங்குறதுக்கு முன்னாடி ஓடுற ஸ்டார்ட்அப் கோட்லயே டைரக்டரிய படிச்சு விரிக்குற வேலைய வச்சாங்க, 1989ல டிஜே டெலோரி ஆரம்பிச்ச டிஜேஜிபிபிங்கிற (DJGPP) டாஸ் சி கம்பைலர்ல இப்படி தான் நடக்கும். ஆக் புரோகிராமை சிங்கிள் கோட் (') குறிக்குள்ள போட்டு ஒரே வரில அடிக்கிற பழக்கமும் இங்க எடுபடாது, சிங்கிள் கோட்டை டாஸ் கண்டுக்கவே கண்டுக்காது, உள்ள இருக்குற | குறியை பைப்னு (ஒரு புரோகிராமோட அவுட்புட்டை அடுத்ததுக்கு அனுப்புற வழி) நெனச்சு வரியையே ரெண்டா வெட்டிடும். புரோகிராமை தனி ஃபைல்ல எழுதி குடுக்குறது தான் நிம்மதி.

பைப் விஷயத்துலயும் வெளிய இருந்து பாத்தா யூனிக்ஸும் டாஸும் ஒண்ணு மாதிரி தான் தெரியும். டாஸ் 2.0லயே பைப் வந்துடுச்சு. ஆனா டாஸ் ஒரு நேரத்துல ஒரு புரோகிராம் தான் ஓட்டும், அதனால முதல் புரோகிராம் முழுசா முடிஞ்சு அவுட்புட் எல்லாம் தற்காலிக ஃபைல்ல விழுந்த பிறகு தான் ரெண்டாவது தொடங்கும். முதல் பத்து வரி போதும்னு ரெண்டாவது புரோகிராம் நினைச்சாலும் முதல்ல ஓடுனது மொத்தத்தையும் எழுதி முடிச்சிருக்கும், டிஸ்க்ல இடம் இல்லன்னா, இல்ல ஃப்ளாப்பி ரைட் புரொடெக்ட்ல இருந்தா, பைப்பே வேலை செய்யாது. ஜிஎன்யூ ஆக்கை டாஸுக்கு கொண்டு வந்தப்ப, ஆக்குக்குள்ள இருந்து இன்னொரு கமாண்டை ஓட்டி அதோட அவுட்புட்டை வாங்குற வசதிக்கும் இதே வழி தான், கமாண்டை ஓட்டி முடிச்சு, ஃபைல்ல போட்டு, அதை திறந்து படிக்கிறது.