ஜங்ஷன்: பாதைகளைப் பூட்டிய இடம்

திருநெல்வேலியில் டவுன் பஸ் ஏறி "ஜங்ஷன் ஒண்ணு" என்றால் போதும்; நடத்துநர் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார். ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கே அங்கு அதுதான் பெயர். குமரி மாவட்டத்திலோ தண்டவாள வாடையே இல்லாத சாலை முக்கும் ஜங்ஷன்தான். இப்படி நம் பேச்சில் ஊறிவிட்ட சொல்லைப் பலர் 'பெரிய ஸ்டேஷன்' என்றே புரிந்து வைத்திருக்கிறார்கள். அது சரியன்று. சென்னை சென்ட்ரல் எவ்வளவு பெரியது! அதன் பெயரில் ஜங்ஷன் இல்லை. பாதை அங்கே முடிகிறது, அதனால் அது முனையம். எதிரெதிர் வரும் இரண்டு ரயில்கள் ஒன்றுக்கொன்று வழிவிடும் இடமும் ஜங்ஷன் ஆகாது. ஒற்றைப் பாதையில் அது எந்தச் சிற்றூர் நிலையத்திலும் நடக்கும். அதற்குப் பெயர் கிராசிங். ஒரு பாதையோடு இன்னொன்று வந்து சேர்ந்து, மூன்று திசைக்காவது வழி இருந்தால்தான் ஜங்ஷன்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'யுங்கெரே' என்றால் இணைத்தல். மாட்டை நுகத்தில் பூட்டுவதற்கும் அதே வினைதான். நாம் 'வண்டி பூட்டு' என்கிறோமே, அந்தப் பூட்டு. அது ஆங்கிலம் வழியாக ரயிலோடு நம்மிடம் வந்தது.

நீராவிக் காலத்து விழுப்புரத்தில் நின்றிருந்தால் இந்தப் பொருளைக் கண்ணாலேயே பார்த்திருக்கலாம். சென்னைப் பாதை, மயிலாடுதுறை வழியாகப் போகும் மெயின் லைன், விருத்தாசலம் வழியாகத் திருச்சி போகும் குறுக்குப் பாதையான கார்டு லைன், காட்பாடி, புதுச்சேரி என ஐந்து பக்கமும் தண்டவாளம். 1960-களில் சென்னைப் பக்கத்து மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகல) பாதையின் மின்மயம் விழுப்புரம் வரை நீண்டது; அதற்குத் தெற்கே அப்போது மின்கம்பி இல்லை. எனவே தெற்கே போகும் வண்டி இங்கே நின்று என்ஜின் மாற்றும். மின் என்ஜின் கழன்று போனதும், ஒய்.பி. நீராவி என்ஜின், நிலக்கரியும் நீரும் சுமக்கும் டெண்டர் பக்கமாக ஊர்ந்து வந்து முதல் பெட்டியைத் தொடும். ('ஒய்' மீட்டர் கேஜைக் குறிக்கும், 'பி' பயணிகள் வண்டியை.) தொட்ட அதிர்வு கடைசிப் பெட்டி வரை ஓடும். ஊழியர் ஒருவர் இடையில் குனிந்து கொக்கியை மாட்டி, வேக்குவம் (வெற்றிட) பிரேக் குழாயை இணைத்துவிட்டு வெளியே வருவார். அசலான பூட்டுதல்!

இனித் தமிழுக்கு வருவோம். நிலையப் பலகைகளில் இருப்பது 'சந்திப்பு'. முச்சந்தி, நாற்சந்தி என்பவற்றில் உள்ள 'சந்தி'யே இதற்கும் அடி. அது சேர்க்கை என்னும் பொருளுள்ள வடசொல். தனித்தமிழ் வேண்டுவோர் 'கூடல்' என்பார்கள். ஆறுகள் சேருமிடத்தைக் கூடுதுறை, முக்கூடல் என்று அழைத்தவர்கள் நாம். ஆகவே பொருளில் குறையே இல்லை. ஆனால் கூடல் மதுரையின் பழம்பெயர். போதாததற்கு, மதுரைக்குப் பக்கத்திலேயே கூடல்நகர் என்றொரு நிலையமும் இருக்கிறது. 'மதுரைக் கூடல்' என்று பலகை வைத்தால் வெளியூர்க்காரர் தடுமாறிப் போவார்.

நம் சாலைகளில் இதைவிட அழகான சொற்கள் புழங்குகின்றன. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் 'கூட்டு ரோடு', கொங்கு நாட்டில் 'பிரிவு', தென் மாவட்டங்களில் 'விலக்கு'. முதலாவது வந்து சேர்பவன் கண்ணால் பார்த்த பெயர். மற்ற இரண்டும் பிரிந்து போகிறவன் வைத்தவை. ஜங்ஷனுக்கு இரண்டு முகமும் உண்டு என்பதை இம்மூன்றும் சேர்ந்து சொல்லிவிடுகின்றன. லத்தீன் சொல்லுக்குச் சேர்வது மட்டுமே தெரியும்.

என் கருத்து இது: நிலையத்தின் பெயரில் 'சந்திப்பு' இருக்கட்டும், அது மக்களுக்குப் பழகிவிட்டது. நிலையத்தை விட்டுவிட்டு, தண்டவாளங்கள் ஒன்றுசேரும் புள்ளியை மட்டும் குறிக்கும்போது 'பாதைக் கூடல்' என்று எழுதலாம்.