மாமா வரவில்லை: காற்புள்ளி மூளைக்குள் செய்யும் வேலை

"நாளை வரும் மாமாவின் பார்சலை வாங்கி வை" என்று அக்கா செய்தி அனுப்பியிருந்தாள். மாமா வருகிறாரே என்று அரைக் கிலோ வஞ்சிரம் வாங்கிவிட்டேன். மறுநாள் பார்சல் மட்டும் வந்தது.

படிக்கும்போது கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சுமார் கால் நொடி நிற்கும். வாக்கியம் முடியட்டும் என்று மூளையும் காத்திருப்பதில்லை. வந்த சொல்லை உடனே பக்கத்துச் சொல்லோடு முடிச்சுப் போட்டுவிடும். 'வரும்' என்ற பெயரெச்சம் ஒரு பெயரைத் தேடியது, 'மாமா' கிடைத்தார், முடிந்தது கதை. பொருள் எங்காவது இடித்திருந்தால் கண் பின்னால் தாவி மறுபடி படித்திருக்கும். இங்கே இடிக்கவே இல்லை. அதுதான் சிக்கல்.

அக்கா இதையே போனில் சொல்லியிருந்தால் 'வரும்' என்றதும் துளி நிறுத்தியிருப்பாள். பேச்சில் இப்படி ஒரு சொற்றொடர் முடியும் இடத்தில், கேட்பவரின் மூளையின் மின் அலையில் ஒரு தனி மாற்றம் தெரிவதை ஜெர்மனியில் கார்ஸ்டன் ஸ்டைன்ஹவர் குழுவினர் 1999இல் காட்டினார்கள். 2001இல் வெளியான ஆய்வில், சத்தமில்லாமல் படிப்பவர்களிடம் காற்புள்ளியும் அதே வகை மாற்றத்தை எழுப்புவது தெரிந்தது. அதாவது "நாளை வரும், மாமாவின் பார்சலை" என்று எழுதினால், அந்தக் கமா காதில் விழாத ஒரு நிறுத்தம்.

நம் இலக்கணக்காரர்களுக்கு இது புதிதல்ல. எழுத்தில் ஒன்றுபோல் இருந்து பொருள் வேறுபடும் தொடர்களை ஒலிக்கும் விதத்தால்தான் பிரித்தறிய வேண்டும் என்கிறது தொல்காப்பியம். உரையாசிரியர்கள் தரும் உதாரணம் 'செம்பொன்பதின்தொடி'. செம்பொன் பதின் தொடி என்றால் பத்துத் தொடி தங்கம். செம்பு ஒன்பதின் தொடி என்றால் ஒன்பது தொடி செம்பு. தொடி என்பது அந்தக் கால எடை. நகைக்கடையில் இந்தக் குழப்பம் வந்தால் என்ன ஆகும்!

ஓலைச்சுவடியில் சொற்களுக்கு நடுவே இடைவெளிகூடக் கிடையாது. வாய்விட்டுப் படித்துத்தான் பிரித்தார்கள். அச்சு வந்து, கண்ணாலேயே படிக்கும் பழக்கம் பரவியபோது குரலுக்கு மாற்று தேவைப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தம் உரைநடைப் பதிப்புகளில் நிறுத்தற்குறிகளைப் பழக்கப்படுத்தினார்.

இதையெல்லாம் அக்காவுக்கு எழுதி அனுப்பினேன். பதில் வந்தது: "சரி மீன் மிச்சம் இருக்கா"