ஆங்கில 'ஹூ' (who) என்றால் 'யார்', சரி. 'யார் ஒருவர்' எங்கிருந்து வந்தார்?

போன வாரம் ஒரு மருத்துவமனை வாசலில் வண்டியை நிறுத்தப் போனேன். சுவரில் பலகை: "யார் ஒருவர் இவ்விடத்தில் வாகனத்தை நிறுத்துகிறாரோ அவர் அபராதம் செலுத்த வேண்டியவர் ஆவார்." எனக்கு முன்னால் மொபெட்டோடு நின்ற பெரியவர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "அப்ப நிறுத்தலாமா, கூடாதாப்பா?" என்று கேட்டார். "நிறுத்தினா காசு கேப்பாங்க ஐயா" என்றேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். "இங்கே வண்டி நிறுத்துவோருக்கு அபராதம்." நான்கு சொல் போதும், அவர் யாரையும் கேட்டிருக்க வேண்டாம்.

இந்த 'யார் ஒருவர்', 'எவரொருவர்' எல்லாம் மொழிபெயர்ப்பில் ஆங்கில 'ஹூ' பெற்ற பிள்ளைகள். பழைய ஆங்கிலத்தில் அது 'ஹ்வா'. 'வாட்' அதன் அஃறிணை வடிவம். 'ஹூம்', 'ஹூஸ்' வேற்றுமை வடிவங்கள். லத்தீன் 'குவிஸ்', இந்தி 'கௌன்' எல்லாம் தூரத்துச் சொந்தம். நம் 'யார்' வேறு வீடு. 'யா' என்ற வினா எழுத்தில் பிறந்த யாவர், யாது, யாவை, யாங்கு எல்லாம் அதன் உடன்பிறப்புகள். அவன் யார், அவள் யார், அவர்கள் யார் என்று உயர்திணையின் மூன்று பாலுக்கும் இந்த ஒரு சொல்லே பொது என்கிறது நன்னூல்.

ஆங்கிலத்தில் 'ஹூ' இன்று இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, கேள்வி கேட்பது. இன்னொன்று, ஒரு பெயரோடு ஒரு வாக்கியத்தை ஒட்டுவது. இந்த ஒட்டு வேலை அங்கேயும் பிற்பாடு வந்ததுதான். பழைய ஆங்கிலத்தில் அதற்கு வேறு சொற்கள் இருந்தன. தமிழில் அந்த வேலைக்குத் தனிச்சொல்லே தேவையில்லை. வந்த ஆள், பாடிய பெண், கடன் கொடுத்தவர் என்று வினையே பெயரோடு ஒட்டிக்கொள்ளும். பெயரெச்சம், வினையாலணையும் பெயர் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அவை இதற்குத்தான்.

1611 ஆங்கில பைபிளில் பரமண்டல ஜெபம் 'அவர் ஃபாதர் விச் ஆர்ட் இன் ஹெவன்' என்று தொடங்கும். இன்று பொருளுக்குப் போடும் 'விச்'சை அந்தக் காலத்தில் ஆளுக்கும் போடுவார்கள். தமிழில் என்ன செய்தார்கள்? "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே." 'யார்' இல்லை, 'எவர்' இல்லை. 'இருக்கிற' என்ற ஒற்றைப் பெயரெச்சம் எல்லாவற்றையும் தாங்குகிறது.

"யார் உழைக்கிறாரோ அவரே உயர்வார் என்று தமிழிலும் சொல்வோமே?" என்பார்கள். சொல்வோம். அங்கே 'யாராக இருந்தாலும் சரி' என்ற அழுத்தம் வேண்டியிருக்கிறது. 'ஓ'வும் 'அவரே'வும் அதற்காக வருகின்றன. வண்டி நிறுத்தும் பலகைக்கு அந்த அழுத்தம் எதற்கு? அதிலும் 'யார்' பக்கத்தில் அந்த 'ஒருவர்' என்ன செய்கிறார்? 'எனி பர்சன் ஹூ' என்பதில் உள்ள 'பர்சன்' விட்டுப்போய்விடுமோ என்ற பயத்தில் நட்டுவைத்த ஆள் அவர். சட்டத் தமிழில் ஐயம் வரக் கூடாது, அதனால் 'எவரொருவர்' வேண்டும் என்ற வாதத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. 'நிறுத்துபவர் எவராயினும்' என்று எழுதினால் யார் தப்பிக்க முடியும்? 'எவனொருவன்' இன்னும் மோசம். பழந்தமிழில் 'எவன்' என்பதற்கு 'என்ன' என்றும் பொருள். குறளில் வரும் 'காப்பெவன் செய்யும்' என்பது காவல் என்ன செய்யும் என்ற கேள்வி. பேச்சிலோ 'எவன்டா அது' என்றால் சண்டைக்கு அழைப்பு. அந்தச் சொல்லைப் பொது அறிவிப்பில் எப்படி வைக்க மனம் வருகிறது?

குறை மொழிபெயர்ப்பாளர்களிடம் மட்டும் இல்லை. 'வேர்' எங்கே, 'வை' ஏன், 'ஹூ' யார் என்று சொல்லுக்குச் சொல் அட்டவணை போட்டுத்தானே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அந்த அட்டவணையோடு வளர்ந்தவர்தான் பிறகு டப்பிங்குக்கு வசனம் எழுத உட்காருகிறார்.

கேள்வியாக வரும் 'ஹூ'விலும் அப்புறம் தடுமாற்றம்தான். நேற்று ஒரு டப்பிங் தொடரில் நடு இரவில் கதவு தட்டும் சத்தம். உள்ளே தனியாக இருக்கும் பெண் நடுங்கிக்கொண்டே, "யார் அங்கே?" என்கிறாள். தமிழில் 'யாரங்கே!' என்பது அரியணையில் இருந்து ராஜா காவலாளியைக் கூப்பிடும் குரல். பயந்த பெண் கதவருகே வந்து, "யாரது?" என்றுதான் கேட்பாள்.